சுடுதண்ணிச் சாட்சி

போன் அலறியது.

கிருபாசங்கர் எண்ணெய்க் கையோடு ரிசீவரை எடுத்தான். இன்ஸ்பெக்டர் லட்சுமிநாராயணன்.

"மெக்கானிக்குங்களா? மீட்டரை எடுத்துட்டு ஸ்டேஷன் வாங்க. மில் ஓனர் காரைப் பாக்கோணும்."

கிருபா கையைத் துடைத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டான்.

மூணு நாள் முன்னால், போத்தனூர் தாண்டி, ஆளில்லாத ரயில்வே கேட்டில் அந்தக் கார் நின்றுபோனது. பின்சீட்டில் மில் ஓனர் சுந்தரராஜுலு. காலில் கம்பி வைத்தவர், தானாக இறங்க முடியாது. டிரைவர் சுப்பையன் தள்ள இறங்கினான்.

ரயில் வந்துவிட்டது...

ஓனர் போய்விட்டார். டிரைவர் பிழைத்தான். அதுதான் போலீஸுக்கு உறுத்தியது! வேணுமென்றே தண்டவாளத்தில் நிறுத்திக் கொன்றான் என்று லாக்கப்பில் போட்டார்கள். இன்ஜின் தானா நின்னுபோச்சுங்க என்று அவன் அழுததை யாரும் நம்பவில்லை.

ஸ்டேஷன் வாசலில் கார். பின்பக்கம் அப்பளம். முன்பக்கம் முழுசு.

தொண்ணூத்தெட்டில் வாங்கிய இன்ஜெக்ஷன் வண்டி. இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது விரல் நீள கிராங்க் சென்சார். அது செத்தால் வண்டியும் செத்தது. கிருபா அதைக் கழற்றி மீட்டரை வைத்தான்.

ஐநூற்றி நாற்பது ஓம்ஸ்.

"நல்லா இருக்குதுங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்குதுங்க."

"அப்ப அவன் சொல்றது பொய்யி. ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினான். போட்டால் தீர்ந்தது. இவனுக்கு ஒன்றுமில்லை. சுப்பையனுக்கு ஆயுசுக்கும் ஜெயில்.

பேனாவைத் திருப்பி நீட்டினான்...

போன வாரம் இதே சுப்பையன் இதே காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தான். சூடானா நிக்குது, ஆறினா ஓடுது என்றான். கிருபாவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம். ஆறிக் கிடந்த சென்சாரை அளந்துவிட்டு, வண்டி ஜம்முனு இருக்குது, ஓட்டறவனைத்தான் செக் பண்ணோணும் என்றான். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது.

"சார்... ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணி வேணுங்க."

டீக்கடையிலிருந்து வந்தது. சென்சாரின் மூக்கை முக்கினான்.

ஐநூற்றி அறுபது... அறுநூறு... அறுநூற்றைம்பது...

சட்டென்று மீட்டரில் எண்ணே காணோம்!

உள்ளே கம்பி சூட்டில் விட்டுப்போயிருந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டான். மறுபடி ஐநூற்றி நாற்பது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இதை முன்னாடி யாராச்சும் பாத்தாங்களா?"

"நான்தான் பாத்தனுங்க. ஆறுனப்பப் பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு அனுப்பிப்போட்டனுங்க."

லாக்கப் திறந்தது.

சுப்பையன் நொண்டிக்கொண்டே வந்தான். ஐயாவை எடுத்தாச்சுங்களா என்றுதான் முதலில் கேட்டான். நேற்றே எரித்துவிட்டார்கள் என்றார் ஏட்டு.

கிருபா அவன் கையைப் பிடித்தான்.

சுப்பையன் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"ஓட்டறவனை மூணு நாளா செக் பண்ணுனாங்கண்ணா... நல்லா சூடாக்கியே பாத்துட்டாங்க. ஒரு கம்ப்ளெயிண்ட்டும் இல்லீங்களாம்."