இன்னும் ஒரு மூச்சு

அந்தப் பழைய மருத்துவமனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. நல்ல வெயில். வேனிலிருந்து இறக்கும்போது டிரம்ஸின் வெண்கலத் தட்டு ஒன்று கைநழுவிப் படியில் விழுந்தது. அந்த ஓசை நீளமான கூடத்துக்குள் போய், மூலைமூலையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது.

"கேட்டியா அக்கா? இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது" என்றான் என் தம்பி.

தம்பி டிரம்பெட் வாசிப்பவன், ஜாஸ் இசையமைப்பாளன். பதினாலு வயதில் ஒரு தொழிற்சாலை பேண்டில் கடைசி வரிசையில் நின்று ஊத ஆரம்பித்தான். அப்புறம் பயணிகள் கப்பலில் மூன்று வருஷம், ஹோட்டல் நடனக் கூடங்களில் ஆறு வருஷம். யாரும் கவனிக்காத அந்த மேடைகளில் நின்றுகொண்டே தன் சொந்தப் பாட்டுகளை எழுதினான். முப்பது வயதில் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் இருந்த ஒரு மெதுவான பாட்டு அவனை ஒரே மாதத்தில் ஊர் அறிந்த ஆளாக்கியது. அவனுடைய எல்லா இசைத்தட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தது நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிமோனியா வந்து படுத்தான். எழுந்தபோது பாதி மூச்சுதான் மிச்சம். ஒரே மூச்சில் எட்டுத் தாள அடி ஊதுகிற இடத்தில் நாலு அடி ஊதி நிறுத்துவான். 'இவர் இசையில் மௌனம் கனிந்திருக்கிறது' என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. கனியவும் இல்லை, காய்க்கவும் இல்லை. மூச்சு போதவில்லை. அது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரியும். அந்த இரண்டு வருஷத்தில் அவன் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை.

மனைவிதான் குழுவில் பியானோ. தினமும் ஒரு மணி நேரம் நீந்துகிறவள். மூன்று மாடி ஏறினாலும் பேச்சு தடைபடாது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அமைதி'. தூக்கத்தில்கூட வாய் மூடாத மனிதர் என்பதால்.

அந்தக் கட்டடம் நெஞ்சு நோய்க்காரர்களுக்கான மருத்துவமனையாக இருந்து, மூடி இருபது வருஷம் ஆகியிருந்தது. பெரிய கூடத்தின் சிமெண்டுத் தரையில் இரும்புக் கட்டில்களின் கால் தடங்கள் வரிசையாகக் குழிந்திருந்தன. ஒரு ஓரத்தில், நர்சுகள் உட்கார்ந்து வார்டைக் கவனிக்கிற கண்ணாடி அறை. அடுத்த இசைத்தட்டை அந்த எதிரொலியோடு பதிவு செய்ய, அதில் என் ஒலிநாடா இயந்திரத்தை வைத்தேன். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தினோம். சாத்தியதும் ஒரு வாசனை எழுந்தது. மருந்து வாசனை இல்லை. நிறையப் பேர் ஒரே அறையில் தூங்கி எழுந்த வாசனை.

முதல் பாட்டு தொடங்கியது. தம்பி நாலு அடி ஊதி நிறுத்த வேண்டிய இடம் வந்தது.

நிறுத்தவில்லை.

எட்டு அடி. பன்னிரண்டு அடி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நொடி. மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊதுகிற வித்தை அவனுக்குத் தெரியும். ஆனால் அப்போது கன்னம் உப்பும். அன்று அவன் கன்னம் உப்பவில்லை. நெஞ்சு அசையவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஹெட்போனில் அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். யாரோ மெல்ல மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

தம்பியின் மைக்கை அணைத்துப் பார்த்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

பியானோ மைக்கில் ஒன்று. டிரம்ஸ் மைக்கில் ஒன்று. கூடத்தின் கோடியில், ஆளே இல்லாத இடத்தில் வைத்திருந்த மைக்கில் எண்ண முடியாத அளவுக்கு. எல்லாம் ஒரே சமயத்தில், வரிசையாகப் படுத்திருப்பவர்கள் இழுப்பதுபோல.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தான். அமைதி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பகீர் என்றது.

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

தம்பி மனைவி கை கழுவப் போனவள் வாசல் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொத்தம் ஐந்து படி. நான் பார்ப்பதைக் கண்டு, "வெயில்ல அக்கா" என்றாள்.

வாசலில் காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை நடந்த காலத்தில் அங்கேயே வார்டு ஊழியராக இருந்தவராம். அவரிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "இங்க ரொம்பப் பேர் இறந்தாங்களா?" என்றேன்.

"ஆஸ்பத்திரின்னா சாவு இருக்கத்தானேம்மா செய்யும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கடைசியில எல்லாரும் கேட்டது ஒண்ணுதான். காசு கேக்கல, பிள்ளையைக் கேக்கல. இன்னும் ஒரு மூச்சு. அதைத்தான் கேட்டாங்க. ஜன்னலைச் சாத்தாதீங்கம்மா. நாங்க ஒருநாளும் சாத்தினதில்ல."

ராத்திரி அங்கேயே பக்கத்து அறைகளில் தங்கினோம். மறுநாள் காலை நான் எழுந்து கூடத்துக்குப் போனபோது தம்பி தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். சுற்றிலும் தாள்கள். இரண்டு வருஷமாக வராத பாட்டு ஒரே விடியலில் ஏழு பக்கம் வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சுரம். அதன் மேல் நீளமாக ஒரு கோடு. தாளின் விளிம்புவரை போய், அதையும் தாண்டித் தரையில் கொஞ்ச தூரம் இழுத்திருந்தான்.

"ஜன்னலைத் திறந்துட்டு வாசிக்கலாம்டா" என்றேன்.

"எதிரொலி போயிடும்."

"போகட்டும். உன் பொண்டாட்டி படியேற முடியாம நிக்கிறா. அமைதி ராத்திரி பூரா உக்காந்துட்டே இருந்திருக்கார், படுத்தா மூச்சு முட்டுதாம். இங்க ஏதோ சரியில்ல."

அவன் பேனாவை மூடினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் அக்கா. மேடையில நின்னுகிட்டு அடுத்த அடிக்கு மூச்சு வருமோ வராதோன்னு பயந்து செத்தேன். ஒரே ஒரு தடவை முழுசா ஊதிக்கிறேன். அப்புறம் நீ சொல்ற எடத்துக்கு வரேன்."

மறுத்திருக்க வேண்டும். எனக்கும் அந்தப் பாட்டைக் கேட்க ஆசையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குப் பதிவைத் தொடங்கினோம். அதுபோல் ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஏழு நிமிஷம் போனது எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்தக் கடைசிச் சுரம் வந்தது.

இருபது நொடி. நாற்பது. ஒரு நிமிஷம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமைதி குச்சிகளை மடியில் போட்டுவிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். தம்பி மனைவியின் தலை மெல்லக் குனிந்தது. பியானோ கட்டைகள்மேல் அவள் நெற்றி மோதிய சத்தம் ஹெட்போனில் இடிபோல் விழுந்தது.

கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன்.

தம்பி கண் திறந்தான். அவளைப் பார்த்தான். டிரம்பெட்டை வீசி எறிந்துவிட்டு ஓடினான். அது தரையில் உருண்டு சுவரோரம் போய் நின்றது. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டினான். அவன் வாய் அவள் பெயரைச் சொல்வது தெரிந்தது. குரல் கேட்கவில்லை.

ஹெட்போனில் அந்தச் சுரம் போய்க்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். தம்பியின் கதறல் கேட்டது. மாட்டினேன். கதறல் இல்லை. சுரம் மட்டும். நடுங்காமல், குறையாமல், யாருக்கும் எதுவும் ஆகாததுபோல.

நாடா சுழன்றுகொண்டே இருந்தது.

தம்பி நிறுத்திவிட்டான், நாடா நிறுத்தவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயந்திரத்தின் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சக்கரங்கள் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி, தண்ணீரிலிருந்து மேலே வந்தவள்போல் ஒரு பெரிய மூச்சை இழுத்தாள்.

அமைதி எழுந்து தள்ளாடிப் போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இரண்டு பேருக்கும் நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒரு மாதத்தில் பழையபடி நீந்தப் போனாள். அமைதி பேச ஆரம்பித்தார். அதைக் கேட்டு நான் அழுதேன். தம்பி அதன் பிறகு டிரம்பெட்டைத் தொடவில்லை. மற்றவர்கள் வாசிக்கப் பாட்டு எழுதிக் கொடுக்கிறான். நன்றாகவே எழுதுகிறான். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அவனால் அரை மணி நேரம் இருக்க முடியாது. எழுந்து நடப்பான், கதவைத் திறப்பான், மூடுவான், நின்று எதையோ கேட்பான்.

ஒருநாள் என்னிடம் சொன்னான். "அவ விழுந்ததைப் பார்த்ததும் நிறுத்தினேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க அக்கா. ஆரம்பத்துலேயே பார்த்துட்டேன். அவளுக்கு மூச்சு திணறுறதைப் பார்த்துக்கிட்டேதான் ஊதினேன். அவ்வளவு நல்லா இருந்தது." அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இசைத்தட்டு நிறுவனம் விடவில்லை. அதுவரை பதிவானதையாவது கொடுங்கள் என்றார்கள். தம்பியும் சம்மதித்தான். நான் நாடாவை எடுத்து, அந்தக் கடைசிச் சுரம் தொடங்கி மூன்றாவது நொடியில் கத்தரியால் வெட்டினேன். மிச்சத்தை மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்தினேன். சாம்பலாகும்வரை நின்று பார்த்தேன். வெட்டியதை அனுப்பிவைத்தேன்.

நேற்று மத்தியானம் நிறுவனத்து மேலாளர் போன் செய்தார்.

"மேடம், கடைசிப் பாட்டு பிரமாதம். ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம்."

"முடிவு சட்டுனு அறுந்து போகுதே, பரவாயில்லையா?"

"அறுந்தா? எங்க மேடம் அறுந்தது? அந்தச் சுரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகுதே. எப்படித்தான்..." பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "மன்னிச்சிடுங்க. இன்னைக்கு என்னமோ இங்க எல்லாருக்குமே கொஞ்சம் இழுக்குது. ஏசி சரியில்லபோல."

அவர் குரலுக்குப் பின்னால் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நடுங்காமல், குறையாமல்.

"தயவுசெஞ்சு அந்தப் பாட்டை நிறுத்துங்க" என்றேன்.

"எந்தப் பாட்டு மேடம்?" என்றார் அவர், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சை இழுத்தபடி. "அதை நிறுத்தி அரை மணி நேரமாச்சே."