எலிக்கு வாங்கிய கசப்பிலை

கூடைக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றை ஓலன்மா பிடித்திருந்தாள். இன்னொன்றை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குக் கீழே சிரிக்கிற இரண்டு கண்கள். இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டு இப்படியா அடாவடி செய்வது?

மழையில் சாலை அரித்துப்போய் லாரிகள் வரவில்லை. என்சுக்கா ஊர்ச் சந்தையில் அன்று கசப்பிலைக் கூடை அது ஒன்றுதான்.

"விடுங்க மிஸ்டர். நான்தான் முதல்ல பிடிச்சேன்."

"எங்கம்மா சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானச் சூப் வைக்கணும்ங்க. உங்க வீட்ல இத்தனை இலை தின்ன யாரு இருக்காங்க?"

"எலிங்க."

"எலிக்குச் சூப்பா!"

"ஆராய்ச்சி! பல்கலைக்கழகத்துல. நாளைக்கே சாறு எடுத்தாகணும்."

இலைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "மனுஷங்களுக்கே இலை இல்ல. நீ எலிக்கு விருந்து வை, மகளே."

அவன் கையை எடுத்தான். "சரி, எலிங்க ஜெயிச்சிடுச்சு. இந்த மழையில எப்படித் தூக்குவீங்க? சாயங்காலம் நானே வேன்ல கொண்டாந்து தர்றேன். என் பேரு ஒசிட்டா."

தன் பேரையும் ஆய்வுக்கூடம் இருக்குமிடத்தையும் சொல்லி, முன்பின் தெரியாதவனிடம் கூடையை விட்டுவிட்டு வந்தாயிற்று. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். 'இலைக்காகத்தான்...' என்று எலிகளிடம் சொன்னாள். எலிகள் நம்பவில்லை.

சாயங்காலம் வந்தான். கூடைமேல் வெள்ளைத் துணி. முகத்தில் சீர்வரிசை கொண்டுவந்த களை.

"பிரிச்சுப் பாருங்க..."

பிரித்தாள். துவண்டுபோன, கருத்த இலைகள். ஒன்றை நுனிநாக்கில் வைத்தாள். கசப்பே இல்லை.

"கழுவினீங்களா?"

"நுரை நிக்கிற வரைக்கும் கசக்கிப் பிழிஞ்சேன்! அப்படியே கொண்டாந்து ஒரு பொண்ணு கையில குடுக்கறதா? எங்கம்மாவே அசந்துட்டாங்க."

"ஐயோ, அந்தக் கசப்புதாங்க எனக்கு வேணும்! இனிமே இது வெறும் சூப்பு!"

ஒசிட்டா விழித்தான். "கசப்பை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஈரல்ல தழும்பு விழாம அது காக்குதான்னு பார்க்கணும்."

அவன் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

"எங்கப்பாவுக்கு அதுதாங்க... ஈரல் பூரா தழும்பு. ஆஸ்பத்திரின்னாலே எழுந்து போயிடறார். கண்ட பாட்டிலையும் குடிக்கிறார்." குரல் தாழ்ந்தது. "உங்க சாறு கொஞ்சம் குடுங்க. வேற இலை கொண்டாறேன்... கழுவாம."

"முடியாது ஒசிட்டா."

"எலிக்குக் குடுப்பீங்க..."

"எலிக்கே இன்னும் குடுக்கல. காக்குமா, கெடுக்குமான்னு யாருக்குத் தெரியும்?"

"எங்கப்பா எலியைவிட மட்டமாப் போயிட்டாரு. வர்றேங்க."

போயேவிட்டான்.

சாலை சரியானது, புது இலை வந்தது, சாறும் எடுத்தாயிற்று. மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவன்தானே கோபித்துக்கொண்டு போனான்... அவனே வரட்டும்! இப்படி வீறாப்பாக நினைத்துக்கொண்டே, தேவையே இல்லாமல் சந்தைக்குப் போய் நின்றாள்.

"உன் சூப்புக்காரன் இப்பத்தான் போறான்," என்றாள் இலைக்காரி. "பஸ்ல கூவிக் கூவி விக்கிறானே, ஈரல் மருந்து... அதை வாங்கிட்டு."

ஓலன்மா ஓடினாள். மழையும் கூடவே ஓடிவந்தது.

அவன் அம்மாவின் கடையில், மூலை மேஜையில் மெலிந்த பெரியவர். பக்கத்தில் ஒசிட்டா, பாட்டிலைக் கரண்டியில் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவங்க தரமாட்டேன்னுட்டாங்களே."

சுருக்கென்றது. கண் நிறைந்துவிட்டது... நல்லவேளை, மழைத் தண்ணீரில் யாருக்கும் தெரியாது.

பெரியவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "யாரும்மா நீ? எனக்கு மருந்து கூடாதுங்கிற. உனக்கு என்னதான் வேணும்?"

"உங்க பையன் மூஞ்சியை ஆயுசு பூரா பார்க்கணும்ப்பா!"

சொல்லிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் அந்தரத்தில் நின்றன.

"நான் ஒண்ணைக் குடுத்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா... அந்த மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? அதான் மாட்டேன்னேன். என் சாறும் வேண்டாம், இந்தப் பாட்டிலும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வாங்கப்பா... நானும் கூட வர்றேன்."

ஒசிட்டா கரண்டியை வைத்தான். மூடியைத் தேடினான், கிடைக்கவில்லை. கையாலேயே பாட்டிலைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"எனக்கும்... அதேதான் ஓலன்மா. முதல் நாள்லேர்ந்தே. கோவத்துல போயிட்டேன். திரும்பி வர வெக்கமா இருந்துச்சு..."

"டேய், அப்புறம் வெக்கப்படு," என்று பெரியவர் மேஜையைப் பிடித்து எழுந்தார். "சட்டையை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். நம்ம வழக்கப்படி பொண்ணு வீட்டுக்குக் கள்ளுக்குடம் தூக்கிட்டுப் போய்ப் பொண்ணு கேட்கணும்ல... அதுக்கு நான் இருக்க வேண்டாமா?"

ஓலன்மா அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள். "தூக்கிட்டு மட்டும் வாங்கப்பா... குடிக்கக் கூடாது."