பூதத்தானின் விரல்கள்

"என் மானமே போச்சு ஐயா!" என்றபடிதான் நாகூர் மீரான், பஞ்சாபகேசனின் மாதுங்கா வீட்டுப் படியேறினார். தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர். அரசாங்கத்துக்குத் தபால் பை தைக்கும் ஆர்டர் அவருக்கு முதல் தடவையாகக் கிடைத்திருந்தது. கேட்டது முதல் ரகம், அதாவது ஆவாரம்பட்டையில் பதமிட்ட தோல். சர்க்கார் கிடங்கிலோ, வந்ததெல்லாம் ரசாயனத்தில் பதமிட்ட குரோம் தோல், இரண்டாம் ரகம் என்று திருப்பிவிட்டார்கள்.

"வெட்டுற பூதத்தான்தான் தோல மாத்திருக்கான். எல்லார் முன்னாடியும் சட்டையக் கழத்தி சோதிச்சு வெரட்டிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா போலீஸ்ல குடுத்திருவேன்."

பஞ்சாபகேசன் கொள்முதல் இலாகாவில் சரக்குகளை ரகம் பிரித்தே தலை நரைத்தவர்.

"ஆள்தான் தெரிஞ்சுபோச்சே மாமா!" என்று பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் செருப்பை மாட்டினான்.

"சித்த சும்மா இருடா" என்று பஞ்சாபகேசனும் கிளம்பினார்.

தாராவியில் பூதத்தான் தன் குடிசை வாசலில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான். "சோறு கொண்டாந்த எம் பொஞ்சாதி பேராச்சி, நான் நின்ன கோலத்தப் பாத்துட்டா ஐயா. அதான் தாங்கல."

பஞ்சாபகேசன் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. அவனையும் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே மீரானின் மருமகன் முகம்மது ஹனீப் இருந்தான்.

"இதுக்கு முன்னாடி இங்கே பட்டைத்தோல் வெட்டினதுண்டா?" என்று கேட்டார் பஞ்சாபகேசன்.

"இல்ல, எல்லாம் குரோம்தான்" என்றார் மீரான்.

பஞ்சாபகேசன் ஈரக் கத்தியை மீந்திருந்த பட்டைத்தோல் துண்டில் தேய்த்தார். கறுப்பு படர்ந்தது. திரும்பி வந்த பையில் தேய்த்தார். ஒன்றுமில்லை.

"ஈரப் பட்டைத்தோல்ல இரும்பு பட்டா கறுக்கும், வெட்டறவன் கையும் கறுக்கும். பூதத்தான் வெட்டினது பட்டைத்தோல்தான். இங்க இத்தனை பேர் கண்ணெதிர்ல மாத்த முடியாது; தைச்சு முடிச்ச பைதான் வழியில மாறியிருக்கு. லாரியில ஏத்திண்டு போனது யாரு?"

ஹனீப் தரையைப் பார்த்தான். "உல்லாஸ்நகர் சேட் ஒருத்தன்கிட்ட காசு வாங்கிட்டு மாத்துனேன், மாமா..."

"மீரான், தோல்லயே வளர்ந்தவர் நீங்க. இது உங்களுக்குத் தெரியாதா?"

மீரான் தலையில் அடித்துக்கொண்டார். "தெரியும். அவன் கைய அன்னிக்கே பாத்தேன். அவன் இல்லேன்னா எம் மருமவன்தானேன்னு கண்ண மூடிக்கிட்டேன். ச்சீ, நானும் ஒரு மனுசனா!"

திருவேங்கடத்துக்குக்கூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எல்லார் முன்னாடியும் கழட்டச் சொன்னேளே, எல்லார் முன்னாடியும் அவன் குத்தமில்லேன்னு சொல்லுங்கோ" என்றார் பஞ்சாபகேசன்.

தையல்காரர்கள் எழுந்து வந்தார்கள். மீரான், அன்றைக்குக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டிருந்த பூதத்தானின் சட்டையை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார்.

"தப்பு எம்மேலதான் பூதத்தான்."

பூதத்தான் சட்டையை வாங்கவில்லை.

"பேராச்சியையும் கூப்பிடுங்க மொதலாளி. அவளும் பாத்தாள்லா."