பெருக்கித் தள்ளிய வாசல்

இந்தத் தடவை அவன் வராமலே போனால் என்ன?

நினைப்பு வந்த வேகத்தில் தேவேஸ்வரி கையிலிருந்த பால் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதைப் போல. தொழுவத்தில் எருமையைத் தவிர யாரும் இல்லை. அதுவும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, அவளைத் தாண்டி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளும் திரும்பிப் பார்த்தாள்.

முற்றத்துப் பலகைக் கற்களின் மேல் பூட்ஸ் தடங்கள். ஊரில் இன்னும் பனி விழவில்லை. எதிர் மலையின் உச்சியில் மட்டும்தான் வெள்ளை தெரிந்தது. வெயில் ஏறிக் கற்களெல்லாம் காய்ந்து வெதுவெதுப்பாகக் கிடக்க, தடங்கள் மட்டும் உறைபனி பூத்து, உருகாமல், வெள்ளையாக இருந்தன. படிக்கட்டுப் பாதையிலிருந்து நேராக வந்து, வாசற்படிக்கு முன்னால் இரண்டு கால்களும் சேர்ந்து நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

"என்னடி தேபு, புருஷன் வந்ததை ஒரு வார்த்தை சொல்லல?" பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே பீனாவின் தலை எட்டிப் பார்த்தது. தேவேஸ்வரியின் கணவனுக்கு அண்ணி அவள், தேவேஸ்வரிக்குத் தீதி, அதாவது அக்கா முறை. "ரம் பாட்டில நாங்க பாத்துடுவோம்னு ஒளிச்சு வெச்சுட்டீங்களாக்கும் ரெண்டு பேரும்?"

"யாரும் வரல தீதி."

"அப்ப இது யாரு காலு? எங்க வீட்டுக்காரருக்கு டில்லி ஓட்டல்ல ரப்பர் செருப்புதான் குடுத்திருக்கான். இந்த சைஸு பூட்ஸு போடற ஆளு இந்த ஊர்லயே உங்க வீட்ல மட்டும்தான்." சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தவள், சிரிப்பைப் பாதியில் விட்டாள். "வெந்நி ஊத்திக் கழுவிடு. அத்தைக்குத் தெரிய வேணாம்."

"அத்தைக்குத்தான் கண்ணே தெரியாதே."

"காலு வெச்சா தெரியும்ல." பீனா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீ பண்ணின காரியத்தை நான் இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஞாபகம் வெச்சுக்க."

தேவேஸ்வரிக்கு மறக்கவில்லை. பட்டாளத்துக்காரனான அவள் கணவன் திரேபன் சிங், எல்லைப் பனிமலைக் காவலுக்குக் கிளேசியருக்குப் புறப்பட்ட அன்று, வழக்கப்படி அவள்தான் அவன் நெற்றியில் குங்குமமும் அரிசியும் ஒட்டி வழியனுப்பினாள். மாமியார் கைம்பெண், அந்தக் கை ஆகாது. அரிசியை அழுத்திக்கொண்டிருக்கும்போதே அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, முகத்தில் புன்னகை மாறாமல், முறுக்கினான். இரண்டு வளையல்கள் நொறுங்கின. "நர்ஸு படிக்கப் போனேன்னு காதுல விழுந்துது, காலை உடைச்சுடுவேன்," என்றான், ஊரே வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வேளையில். கீழே டவுனில் செவிலியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஹோலி முடிந்ததும் சேர வேண்டும்.

போனவன் போய்ச் சேர்ந்தான் என்று தகவல் வரும்வரை அந்த வீட்டில் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். ஆள் போன கையோடு வீட்டைப் பெருக்குவது பிணம் எடுத்த வீட்டில்தான். அவன் வளைவு திரும்பி மறைந்ததும் தேவேஸ்வரி துடைப்பத்தை எடுத்தாள். அடுப்பு மூலையில் ஆரம்பித்து, கட்டிலுக்கு அடியில், அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் பெருக்கினாள். உடைந்த வளையல், சீப்பில் சிக்கிய தன் தலைமுடி, வெங்காயத் தோல், அவன் எறிந்த பீடித் துண்டு, எல்லாவற்றையும் சேர்த்து வாசலைத் தாண்டித் தள்ளினாள். அதன் பிறகு சோறு இறங்கியது. அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

வெந்நீர் ஊற்றியும் தடங்கள் போகவில்லை. மேலே சாக்கைப் போட்டு மூடினாள்.

அவனுடைய போன் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கதவை ஒட்டிய சின்ன ஜன்னலில் மட்டும்தான். அங்கே ஆணியில் ஒரு துணிப்பையைக் கட்டி அதற்குள் செல்போனைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவன் உத்தரவு. அவள் சொல்வதற்கு அவன் அம்மா சாட்சி. அத்தனை உயரத்திலிருந்து ஒரு வார்த்தை வந்து சேர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். அந்த ஒரு மூச்சில் தேவேஸ்வரி ஒவ்வொரு முறையும் நம்பினாள், இப்போது நல்லதாக ஏதாவது சொல்வான் என்று.

"எடுக்க ஏன் இவ்ளோ நேரம்? எங்க போயிருந்த?"

"எருமைக்குப் புல்லு..."

"அம்மா, இவ வீட்லதான் கெடக்காளா?"

"இருக்காப்பா, இருக்கா," என்றாள் மாமியார், ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டி. "நீ சாப்டியா ராசா?"

"லீவு பாஸ் ஆயிடுச்சு. ஹோலிக்கு முன்னாடி வந்துருவேன். அந்த நர்ஸு கூத்தெல்லாம் வந்து பேசிக்கறேன். கேக்குதா? ஏய். உன்னத்தான்."

"கேக்குது."

தடத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால், எவன் வந்துட்டுப் போனான் என்பான்.

அதற்குப் பிறகுதான் வாடை வரத் தொடங்கியது. கிளேசியரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவன் சட்டையில், போர்வையில், காது மடலில்கூட அப்பியிருக்கும் மண்ணெண்ணெய்ப் புகையின் வாடை. நாள் கணக்கில் வெயிலில் போட்டாலும் போகாதது. அவன் அருகில் படுக்கும் இரவுகளில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததற்குக் காரணமாக அவனிடம் சொல்ல முடிந்தது அந்த வாடையை மட்டும்தான். இப்போது அது கதவின் இடுக்கிலிருந்து வந்தது. மாவு பிசையும் தட்டில், எருமைப் பாலில், தலையணையில் வந்து உட்கார்ந்தது. மாமியார் மூக்கை உயர்த்தி முகர்ந்து, அடுப்படியில் உட்கார்ந்தபடி தனக்குள் சிரித்தாள்.

"புள்ள வாடை அடிக்குது," என்றாள்.

மறுநாள் மதியத்திலேயே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. எதிர் மலை போயிற்று, பிறகு படிக்கட்டுப் பாதை போயிற்று, கடைசியாகப் பீனா வீட்டுச் சுவர். விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே இருட்டியது. சிறுத்தைக்குப் பயந்து ஊர் முழுக்கக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டு, ஓய்ந்தது. தேவேஸ்வரியும் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் கொள்ளுப் பருப்பு குமிழியிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. பீனா வீட்டு நாய் நெடுநேரமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஊளையின் நடுவில், யாரோ அதன் வாயைப் பொத்தியதைப் போல, நின்றது.

முற்றத்தில் சாக்கு இழுபடும் ஓசை.

பிறகு பூட்ஸ். ஒரு கால். இன்னொரு கால். வாசற்படிக்கு முன்னால் இரண்டும் சேர்ந்தன.

திரேபன் வீட்டுக்கு வந்தால் பூட்ஸ் முனையால் கதவை உதைப்பான். இது உதைக்கவில்லை. விரல் மூட்டால், மெல்லத் தட்டியது.

"தேபு."

அவன் குரல்தான். ஆனால் அவன் அவளைத் தேபு என்று கூப்பிட்டதில்லை. பிறந்த வீட்டார் கூப்பிடுவார்கள், பீனா கூப்பிடுவாள். அவனுக்கு அவள் 'ஏய்'.

"தேபு, நான்தான். ரொம்பக் குளிருது."

"எம்புள்ள!" மாமியார் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். "லீவு சீக்கிரமே குடுத்துட்டான் போலருக்கு! அடியே, நிக்கறியே மரம் மாதிரி? தண்ணி எடு. சுத்திப் போட்டு உள்ள கூப்பிடு."

தூரம் போய் வந்தவனை அப்படியே வீட்டுக்குள் விடுவதில்லை. பெண்டாட்டி செம்பில் தண்ணீர் எடுத்து வந்து, அவன் தலையைச் சுற்றி, காலடியில் ஊற்றி, 'உள்ளே வாங்க' என்று சொல்ல வேண்டும். வழியில் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தது எதுவாக இருந்தாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அதுவரை பெற்றவள்கூட அவனைத் தொடக்கூடாது. அவனும் படியைத் தாண்டமாட்டான்.

"அத்தை, மூடுபனில பாதையே தெரியல. இந்த நேரத்துல எந்த வண்டியும்..."

"நடந்து வந்திருப்பான். அவங்கப்பனும் அப்படித்தான்."

கதவுக்கு வெளியே அது பொறுமையாக நின்றது. வாடை இப்போது கண்ணைக் கரித்தது.

"கைய முறுக்கிட்டேன்ல அன்னிக்கு," என்றது குரல். "இன்னும் வலிக்குதா?"

அவளுடைய இடது கை தானாக வலது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

"தப்பு பண்ணிட்டேன் தேபு. எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே பண்ணினேன். நீ அழக்கூட முடியாம நின்ன. மேல போயி தெனமும் அதையேதான் நெனச்சேன். நீ படிக்கப் போ. நான் குறுக்க வரமாட்டேன்."

எத்தனை வருடங்களாக இதைக் கேட்பதற்காக அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்! பாத்திரம் தேய்க்கும்போது, புல் கட்டைச் சுமந்து ஏறும்போது, அவன் வாயில் இந்த வார்த்தைகளை அவளே வைத்து, அவளே கேட்டு, அவளே மன்னித்திருக்கிறாள். ஒரு வார்த்தை மாறவில்லை. அவள் மனதுக்குள் எழுதி வைத்த வரிசையிலேயே வந்தன. கண்ணில் நீர் முட்டியது. கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது.

ஜன்னல் பைக்குள் வெளிச்சம் எரிந்தது. போன் அடித்தது.

அவள் விரலை அழுத்தினாள். ஒரு மூச்சு நேரம் இரைச்சல் மட்டும்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? எவ்ளோ நேரமா அடிக்கறேன்!"

கணவன் இவன்தான் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. அந்த வசவைவிட வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவனை அடையாளம் காண அவளுக்கு மிஞ்சியிருந்தது இதுதான். மன்னிப்புக் கேட்டால் அது அவன் இல்லை.

"யாருடி அங்க? ஆம்பள மூச்சு கேக்குது. எவன வெச்சிருக்க வீட்ல?"

"போன்ல எவனோ கத்தறான்," என்றாள் மாமியார். பார்வையற்ற கண்கள் இரண்டும் கதவின் மேலேயே இருந்தன. "அணைச்சுப் போடு. எம்புள்ள வாசல்ல நிக்கறான். பெத்தவளுக்குத் தெரியாதா? இந்தா." எப்போது மொண்டாளோ, நிறைந்த செம்பை மருமகளின் கையில் திணித்தாள். "உன் கையால. உன் கைதான் ஆகும்."

தேவேஸ்வரி செம்போடு கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

மூடுபனி. அதில் ஒரு பெரிய கோட்டு. புகைக்கரி படிந்து கறுத்த முகம். இமைகளில் பனி. உருகாத பனி. வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஆவி வரவில்லை.

நெற்றியில் அரிசி. அன்று அவள் ஒட்டிய அரிசி. குங்குமம் காயாமல் ஈரமாக இருந்தது.

இரண்டு கைகளையும் பிரசாதம் வாங்குகிறவனைப் போலக் குவித்து நீட்டியிருந்தான். கைக்குள் என்னவோ இருந்தது. வளையல் துண்டுகள். வெங்காயத் தோல். பீடித் துண்டு. சுருண்ட தலைமுடி. அவளுடைய முடி.

"எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்துட்டேன்," என்றது. அந்த வாய் அசையவில்லை. "ஒண்ணுகூட விடல. எடுத்த எடத்துலயே திரும்பப் போட்டுடறேன். தண்ணி சுத்து, தேபு."

பின்னால் ஜன்னலில் போன் கத்திக்கொண்டிருந்தது. "...வந்தேன்னா தோலை உரிச்சுடுவேன், பாத்துக்க, உங்கப்பன் வீட்டுக்கே..."

நின்றது.

இரைச்சல்.

ஒரு மூச்சு நேரம்.

"தண்ணி சுத்து, தேபு," என்றது போன். மெதுவாக. கெஞ்சலாக. அதே குரலில்.

"நல்லாத்தானே கேக்கறான்," என்றாள் மாமியார். "அழறான் பாருடி. கூப்பிடு."

அடுப்பில் பருப்பின் கொதி அடங்கிவிட்டிருந்தது. கீழே தணல் சிவப்பாகவே இருந்தது.

"தேபு," என்றது வாசல்.

"தேபு," என்றது ஜன்னல்.

அவள் செம்பைப் பார்த்தாள். தண்ணீரின் மேல் ஆடை கட்டியதைப் போலப் பனி படர்ந்துகொண்டிருந்தது. அதைத் தரையில், தனக்குப் பின்னால், கதவிலிருந்து எட்டாத தூரத்தில் வைத்தாள். வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கின் வழியாக ஒரு தலைமுடிச் சுருள், உறைபனி பூத்து, விரலால் தள்ளப்படுவதைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மாமியார் குனிந்து, கண் தெரியாமல், அதற்காகத் தரையைத் தடவினாள்.

மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைத் தேவேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள், மெதுவாக.