உளுந்து இறக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் ஒத்தக்கடையில் ஒரு தெருவில் அம்மாக்களின் செல்போன் அம்மாக்களிடம் இருக்காது. பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள். அது சித்திகாவின் செய்தி வருகிற நேரம்.

ஆயிஷா சித்திகா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தெருவில் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ‘யானைமலை சைக்கிள் கூட்டம்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். தார் ரோட்டில் ஓட்டினால் அது சும்மா சைக்கிள். மண்ணிலும் கல்லிலும் மேட்டிலும் ஓட்டினால்தான் மலை சைக்கிள். இது அவர்கள் கட்சி.

கூட்டத்தின் செய்தி வாசிப்பாளர் சித்திகா. வாரம் ஒரு முறை குரலைக் கனமாக்கிக்கொண்டு அம்மாவின் போனில் பேசி அனுப்புவாள். அந்த வாரம் இப்படிப் பேசினாள்.

“வணக்கம். முதல் செய்தி. சூரியபிரகாஷ் புது சைக்கிள் வாங்கியிருக்கிறான். இருபத்தொரு கியர். முன் சக்கரத்துக்கு ஷாக் உண்டு. தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வர வேண்டுமாம். அடுத்து, சாமான் செய்தி. தமிழ்வாணியின் ஹெல்மெட் பெரிதாக இருந்ததால் உள்ளே துணி வைத்துத் தைத்தாகிவிட்டது. இப்போது அவளுக்குக் கண் தெரிகிறது. கடைசியாக, வருகிற ரைடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறோம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இறக்கம் இருக்கிறது. பெடலை மிதிக்கவே வேண்டாம், சர்ரென்று கீழே வந்துவிடலாம். ஆனால் ஒன்று, போகிற வழியெல்லாம் வயல். யாருடைய வெள்ளாமையையும் யாரும் மிதிக்கக் கூடாது. மீறினால் அடுத்த ரைடு கிடையாது. நன்றி.”

போனை வைத்த பிறகும் அவளுக்கு மனசு படபடவென்றுதான் இருந்தது. இதுவரை எங்கே போவது என்று முடிவு செய்தவன் சூரியபிரகாஷ். முதல் முறையாக இது அவள் கண்டுபிடித்த வழி, அவள் ரைடு. அத்தாவோடு மொபெட்டில் போய் அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, சாப்பிடும்போதுகூட அவள் அதில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கிளம்பியது. முன்னால் சித்திகா. அவளுடையது கியர் இல்லாத பழைய சைக்கிள், ஆனால் மண்ணைப் பிடிக்கிற, முடிச்சு முடிச்சான பட்டன் டயர். பின்னால் மற்றவர்கள். எல்லாருக்கும் கடைசியில் அவள் அத்தா பீர் முகமது, தண்ணீரும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு மொபெட்டில் உருட்டி உருட்டி வந்தார். வெயிலுக்கு முன், பத்து மணிக்குள் எல்லாரையும் வீட்டில் சேர்ப்பதாக எல்லா அம்மாக்களிடமும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மேலூர் ரோட்டிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் சின்ன ரோட்டில் திரும்பினார்கள். கொஞ்ச தூரத்தில் சித்திகா பிரேக் பிடித்தாள்.

ரோடு முழுக்கச் செடி. காய்ந்துபோன செடி, கறுப்பாக மெல்லிய காய்களோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரப்பிக் கிடந்தது.

“யாரோ வெள்ளாமையக் காயப் போட்டுருக்காக. எல்லாரும் இறங்குங்க. சைக்கிளத் தூக்கிக்கங்க. ஓரமாப் போவோம்” என்றாள் சித்திகா.

ஓரம் முழுக்கக் கருவேல முள். சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு, வரிசையாக நடந்தார்கள். சூரியபிரகாஷின் சட்டை ஒரு முள்ளில் மாட்டியது. தமிழ்வாணியால் சைக்கிளைத் தூக்க முடியவில்லை என்பதால் பீர் முகமது தூக்கினார். அவருடைய மொபெட் தனியாகப் பின்னால் நின்றது.

அந்தக் கோடியில் ஒரு பெண் கம்பால் செடியை அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கம்பை நிறுத்தினாள்.

“என்ன தாயி, எல்லாச் சைக்கிளும் ஒண்ணா ரிப்பேராயிருச்சா?”

“இல்லக்கா, நல்லாத்தான் ஓடுது.”

“பெறகு என்னாத்துக்குத் தூக்கிட்டு வாரீக?”

“உங்க செடிய மிதிச்சிரக் கூடாதுல்ல” என்றாள் சித்திகா.

அந்த அக்கா முள்ளுக்குள் நிற்கும் பிள்ளைகளை ஒரு முறை பார்த்தாள். சூரியபிரகாஷின் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். சைக்கிளோடு நிற்கும் பீர் முகமதைப் பார்த்தாள். அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“மிதிக்கத்தான் தாயி போட்டுருக்கேன். இது உளுந்தஞ்செடி. மேல வண்டி ஏறினாத்தான் காய் வெடிச்சு உளுந்து கீழ விழும். இங்கிட்டு எல்லாரும் ரோட்டுலதான் போடுவோம். பஸ்ஸு, லாரி போகப் போக அதுவே உதிர்ந்துரும்.”

யானைமலை சைக்கிள் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. சூரியபிரகாஷ் தன் சட்டைக் கிழிசலைத் தடவிக்கொண்டே சித்திகாவை முறைத்தான்.

“அப்ப பஸ் எங்கக்கா?” என்று கேட்டாள் தமிழ்வாணி.

அந்த அக்காவின் சிரிப்பு நின்றது. அவள் பெயர் ராமக்காள். முந்தின நாள் மத்தியானம் செடியைப் பரப்பினாளாம். சாயங்காலம் ரோட்டு வேலைக்காரர்கள் வந்து, கண்மாய்க்கு அங்கிட்டு, பாறையையும் தாண்டி இருக்கிற சின்னப் பாலத்தை வேலைக்காகத் தோண்டிப் போட்டுவிட்டார்களாம். அதோடு பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை.

“எங்க வீட்டுக்காரரு டிராக்டர் தேடிப் போயிருக்காரு. இந்நேரத்துக்குக் கெடைக்கணுமே. நான் ஒத்த ஆளு, எம்புட்டத்தான் அடிப்பேன்” என்று சொல்லிவிட்டு ராமக்காள் வானத்தைப் பார்த்தாள். மேலூர்ப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. “மத்தியானத்துக்குள்ள மழை வந்துரும்போல.”

“நனைஞ்சா என்னக்கா ஆகும்?”

“முளைச்சுப்போகும். பெறகு மாட்டுக்குத்தான்.”

தை மாதத்திலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது சித்திகாவுக்கு என்னவோ செய்தது. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

“பாவம்தான். ஆனா நாம என்ன செய்ய முடியும்?” என்று சூரியபிரகாஷ் மெதுவாகச் சொன்னான். “இப்பக் கிளம்பினாத்தான் பாறைக்குப் போய்ட்டுத் திரும்ப முடியும். நேரம் ஆகுது சித்திகா.”

அவன் சொன்னதும் சரிதான். பாறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. சித்திகா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். பிறகு தன் சைக்கிளின் டயரைப் பார்த்தாள்.

“நமக்கும் டயர் இருக்கே” என்றாள்.

“பஸ் டயரும் உங்க டயரும் ஒண்ணாம்மா?” என்று கேட்டார் அத்தா.

“ஒண்ணு இல்லத்தா. ஆனா பஸ் ஒரு தடவ வந்தா அடுத்து எப்ப வருமோ. நாம போய்ப் போய் வரலாம்ல?”

“உன் ரைடு. நீயே சொல்லு” என்றான் சூரியபிரகாஷ். அவன் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

ஒரு வாரமாக ஆசைப்பட்டதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. ஆனாலும் சித்திகா சொன்னாள். “பாறை எங்கயும் ஓடிராது. இன்னைக்கு ரைடு இங்கதான்.”

எல்லாரும் செடி மேல் சைக்கிளை ஏற்றினார்கள். காய்கள் படபடவென்று வெடித்தன. ராமக்காளுக்கு முகம் மலர்ந்தது. தமிழ்வாணி சந்தோஷத்தில் வட்டம் அடித்தாள்.

அது கொஞ்ச நேரம்தான். சூரியபிரகாஷின் சைக்கிள் கிறீச்சென்று நின்றது.

“ஐயோ, என் கியரு.”

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற கியர்ச் சக்கரங்களில் செடி சுற்றிக்கொண்டுவிட்டது. பெடல் அசையவில்லை. அடுத்து இன்னொருவன் நின்றான். அப்புறம் இன்னொருத்தி. கியர் வைத்த சைக்கிள் எல்லாம் நின்றுபோய், சித்திகாவும் தமிழ்வாணியும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஓட்டி எப்போது முடிவது?

சித்திகா இறங்கி சூரியபிரகாஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. புது சைக்கிள் அல்லவா, யாருக்கானாலும் கலங்கும். இரண்டு பேரும் விரலால் ஒவ்வொரு தண்டாக உருவி எடுத்தார்கள்.

எல்லாம் எடுத்த பிறகு, சரியாகிவிட்டதா என்று பார்க்க அவள் சைக்கிளைத் தூக்கிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. ஆனால் செயின் அசையவில்லை. கியர்ச் சக்கரங்களும் அசையவில்லை.

“சூர்யா, பெடலை மிதிச்சாத்தான் இதுல செடி சுத்துது. மிதிக்காம ஓட்டினா சுத்தாது.”

“மிதிக்காம எப்படி ஓடும்? சாமி கும்பிட்டா ஓடுமா?”

சித்திகா கையை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் தள்ளி, ரோடு கண்மாய்க் கரை மேல் ஏறியது. நல்ல சரிவு.

சூரியபிரகாஷ் அந்தச் சரிவைப் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை.

“அக்கா, செடிய எல்லாம் அந்த மேட்டுக்கு மாத்திரலாமா?” என்று கேட்டாள் சித்திகா.

“அம்புட்டையுமா? சின்னப் பிள்ளைக, தூக்க முடியுமா?”

“நான் ஒரு ஆளு இருக்கேன்ல” என்று பீர் முகமது கைலியை மடித்துக் கட்டினார்.

ராமக்காள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய சேலைகளை எடுத்து வந்தாள். கையால் அள்ளினால் வழியெல்லாம் உளுந்து கொட்டிவிடும். சேலையை விரித்து, செடியை அள்ளிப் போட்டு, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். கழுத்தெல்லாம் அரித்தது. தும்மல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவியது. சரிவில் பாதி அகலத்துக்குச் செடியைப் பரப்பினார்கள். மீதிப் பாதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுவதற்கு.

சித்திகா விதிகளைச் சொன்னாள். ஹெல்மெட் கட்டாயம். ஒரு நேரத்தில் ஒரு ஆள். செடி மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும், செடி முடிந்து தரை வந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். தமிழ்வாணி கீழே நின்று கையைத் தூக்கினால்தான் அடுத்த ஆள் வரலாம்.

முதலில் சித்திகா இறங்கினாள். காற்று காதில் அடித்தது. டயருக்குக் கீழே காய்கள் சடசடவென்று பொரிந்தன. செடி முடிந்ததும் பிரேக்கைப் பிடித்து நின்றாள். திரும்பிப் பார்த்தால், மேலே எல்லாரும் அடுத்த ஆள் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் யாருக்கும் நேரம் தெரியவில்லை. தள்ளிக்கொண்டு ஏறுவார்கள், சர்ரென்று இறங்குவார்கள். ராமக்காள் இடையிடையே நுனி பிளந்த கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டாள். சூரியபிரகாஷ் ஒரு தடவை சறுக்கிப் பார்க்க ஆசைப்பட்டு நடுவில் பிரேக் பிடித்துச் செடிக்குள் விழுந்தான். காதுக்குள்ளிருந்து உளுந்து எடுத்தான். அடி ஒன்றும் இல்லை, அதனால் எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

பீர் முகமதுக்கும் ஆசை வந்துவிட்டது. மொபெட்டை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். தமிழ்வாணி கையைத் தூக்கவே இல்லை.

“மாமா, உங்க ஹெல்மெட் எங்க?” என்று கீழேயிருந்து கத்தினாள்.

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். இறங்கிப் போய், மொபெட்டை முதலில் நிறுத்திய இடத்தில் விட்டுவந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். ராமக்காளின் வீட்டுக்காரர் சின்னக்கருப்பன். “டிராக்டர் கெடைக்கல புள்ள” என்று தூரத்திலேயே தொடங்கியவர், தனக்கு நேராக ஒரு சிறுமி சைக்கிளில் பறந்து வருவதைப் பார்த்து ஓரத்துக்குத் தாவினார்.

“என்னா நடக்குது இங்க?”

“உங்க டிராக்டரு யாருக்கு வேணும்?” என்றாள் ராமக்காள். “இங்கிட்டு வந்து பாருங்க.”

அவள் செடியை ஒதுக்கிக் காட்டினாள். தார் ரோடே தெரியாத அளவுக்குக் கறுப்பாக உளுந்து கிடந்தது. சின்னக்கருப்பன் குனிந்து ஒரு கை அள்ளினார். விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைப்பதுபோல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் சேர்ந்து கூட்டினார்கள். ராமக்காள் முறத்தால் தூற்றினாள். தூசி பறந்துபோக, உளுந்து மட்டும் குவிந்தது. மூட்டைகளைக் கட்டி வீட்டுக்குள் ஏற்றிய பிறகுதான் பீர் முகமது போனில் மணி பார்த்தார். “யா அல்லாஹ்” என்று தலையில் கை வைத்தார். பத்து மணி எப்போதோ போய்விட்டது. ஒவ்வொரு அம்மாவுக்கும் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் திட்டு வாங்கினார். சின்னக்கருப்பன் கொண்டுவந்து கொடுத்த வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

கிளம்பும்போது சூரியபிரகாஷ் தயங்கித் தயங்கி நின்றான்.

“அக்கா, அடுத்த உளுந்து எப்ப?”

“அது அடுத்த பங்குனிக்குத்தான் தம்பி.”

“அம்புட்டு நாளா?” அவன் முகம் விழுந்துவிட்டது. பாறையைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சித்திகா அதைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரு பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஓடினார்கள். இடம் போதவில்லை. சைக்கிள்கள் வெளியே நனைந்தன. டயரில் ஒட்டியிருந்த காய்த்தோல்கள் மழையில் கழுவப்பட்டு ஓடின.

“பேய் மழை” என்று சொல்லி அத்தா துண்டைப் பிழிந்தார்.

சித்திகா கையை வெளியே நீட்டி மழையை ஏந்தினாள்.

“கொட்டட்டும் அத்தா” என்றாள். “இனிமே நல்லாக் கொட்டட்டும்.”