பதினொன்றாவது லெவல்

பத்து லெவல்கள்தான் இருந்தன. பூங்கோதையே ராப்பகலாய் உட்கார்ந்து கோத்தவை. எதில் எத்தனை படி, எத்தனை கதவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அதனால், 'பதினொன்றாவது லெவல் மட்டும் இல்லாதிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்' என்ற விமர்சனத்தைப் படித்தபோது, எண்ணத் தெரியாத எவனோ எழுதியிருக்கிறான் என்று அடுத்ததற்குப் போய்விட்டாள்.

'உப்புக்கரை' வெளியாகி ஒன்பது நாளாகியிருந்தது. கடல் கொண்டுபோன ஓர் ஊரில், இடிந்த சுவர்மேல் தாவி, புதிர்களை அவிழ்த்து, ஒரு பெண்பிள்ளை தன் வீட்டைத் தேடிப்போகிற கேம். ஒவ்வொரு காட்சியும் தோழி கோகிலா காகிதத்தில் மைப்பேனாவால் வரைந்தது. அந்தப் பெண்பிள்ளைக்கும் தன் முகத்தையே போட்டிருந்தாள்: ஒட்ட வெட்டிய முடி, ஒருபக்கம் சாய்ந்த தலை. இராமநாதபுரத்தில் இந்த வாடகை மாடியறையில் இருவரும் மூன்று வருடம் அதற்காகவே கிடந்தார்கள். சொந்த ஊரில் மிளகாய்க் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதையின் அய்யா, பொம்மை ஆட்டுகிற வேலை என்றுதான் அதைச் சொல்வார்.

கேம் விற்கிற இணையக் கடைத்தளத்தில் அதன் பெயருக்குக் கீழே 'கலவையான கருத்துகள்' என்று மஞ்சளாக எழுதியிருந்தது. படம் அழகு, ஆனால் படம் மாட்டிவைத்தால் கேம் ஆகிவிடாது என்றார் ஒருவர். இத்தனை அமைதியாய் ஒன்றை விளையாடியதில்லை, அழுதுவிட்டேன் என்றார் இன்னொருவர். பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் குதிக்கிறாள், எரிச்சல் என்று நாற்பது பேர் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் தவறாமல் பேசியது பத்தாவது லெவலின் குரலைப் பற்றி. காற்றிரைச்சலுக்கு அடியில் ஒரு பெண் கூப்பிடுகிற அந்தக் குரலுக்காகவே வாங்கலாம் என்று பலர். அதற்குக் கீழேயே ஒருவர் எழுதியிருந்தார்: 'போலியான நடிப்பு. சாகப்போகிறவள் இப்படிக் கூப்பிடமாட்டாள்.'

பூங்கோதை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அது நடிப்பில்லை. பிப்ரவரியில் தனுஷ்கோடிக்கு அலைச் சத்தம் பதியப் போயிருந்தபோது பதிந்தது. காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாகக் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் பூங்கோதை. மை படிந்த கையைக் கழுவக் கோகிலா தண்ணீருக்குள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனுக்குள் குரல் வந்தது. 'ஏ பூங்கோத, இங்கன வாயேன்.' பதிவைக் கெடுக்கிறாளே என்ற எரிச்சலில், திரும்பாமலே கையை உயர்த்திச் சும்மா இரு என்று காட்டினாள். பதிவில் அந்தக் குரல் மொத்தம் நான்கு நொடி. மறுநாள் காலையில் மீன்பிடிக்கப் போனவர்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். அந்த நான்கு நொடியை அவள் அழிக்கவில்லை. கோகிலாவுக்குச் செய்கிற மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமில் சேர்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, ஈரமண் வாசனை அறைக்குள் வந்து நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் பரமக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மின்சாரம் போய் மின்விசிறி நின்றபிறகு, தெருவிலிருந்து மாடிக்கு ஏறும் இரும்புப்படி மட்டும் விட்டுவிட்டு முனகியது. வெயில் தணிந்தால் இரும்பு அப்படித்தான் சத்தம் போடும். அவள் மடிக்கணினியைக் கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, பக்கத்தைப் புதுப்பித்தாள்.

பதினொன்றாவது லெவலைப் பற்றி இப்போது பதினேழு பேர் எழுதியிருந்தார்கள்.

'கேமிலேயே சிறந்த இடம் இதுதான். ஓர் இரும்புப்படி, மேலே ஒரு பச்சைக்கதவு, அவ்வளவுதான். என்ன ஒரு தனிமை.' 'கதவு திறக்கவே இல்லை. உள்ளே ஒருத்தி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இது புதிரா, பிழையா?'

பூங்கோதை திரும்பித் தன் அறைக்கதவைப் பார்த்தாள். போன பொங்கலுக்குக் கோகிலாதான் அதற்குப் பச்சை அடித்தாள்.

வெளியே எதுவோ டமடமவென்று படியில் உருண்டு கீழே போய் விழுந்தது. தண்ணீர்க் கேனாகத்தான் இருக்கும், மேல்படியில் வைத்திருந்தாள். காற்று தள்ளியிருக்கும். ஆனால் ஜன்னல் திரை அசையவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தாள்.

'சத்தம் கேட்டு வருவாளோ என்று தண்ணீர்க் கேனை உருட்டிப் பார்த்தேன். வரவில்லை. திரும்பி மட்டும் பார்த்தாள். பரிந்துரைக்கவில்லை.' ஒரு நிமிடத்துக்கு முன் எழுதியது.

கேமை ஆரம்பத்திலிருந்து சோதித்துப் பார்த்துக் கொடுத்த அப்துல் ஹாதியைக் கூப்பிட்டாள். ஏர்வாடியில் செல்போன் கடை வைத்திருப்பவர். பொய் பேசத் தெரியாத மனுசன். பதினொன்றாவது லெவலா, அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார், நீங்கள் சொல்லாமல் புதுசாகச் சேர்த்துவிட்டீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"இப்ப அங்கனதான் நிக்கிறேன். கதவு மூடிக் கெடக்கு. உள்ள ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா. முதுகுதான் தெரியுது. போன காதுல வச்சிருக்கா."

பூங்கோதை கைப்பேசியை மெல்லக் காதிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப கீழ வச்சுட்டா," என்றது ஹாதியின் குரல், மேஜையிலிருந்து, சிறிதாக.

படியில் ஒரு காலடி. ஈரக்கால். வெறும்கால். அடுத்த படியிலும் அதே சத்தம். அதற்குக் கீழேயும் ஒன்று, அதே நேரத்தில்.

கேமை மூடிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். ஹாதிக்கு என்ன ஏது என்று புரியவில்லை.

"நான் மூடி என்னத்துக்குங்க? முந்நூத்திப் பன்னெண்டு பேரு வெளாடுறதா இங்கன காட்டுதே."

இணைப்பு அறுந்தது. மழை இன்னும் வரவில்லை. ஆனால் கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது. கறுப்பாக. மைவாசனை. கடல்வாசனை.

திரையில் ஒரு புது விமர்சனம் இருந்தது.

'வழி கிடைத்துவிட்டது. பத்தாவது லெவலின் குரலை இங்கே கொடுத்துப் பாருங்கள். அவளால் உட்கார்ந்திருக்க முடியாது.'

அந்த விமர்சனத்துக்குக் கீழே சிலர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுலபமான வழி, ஏமாற்றம் என்று ஒருவர். இல்லை, இதுதான் சரியான முடிவு என்று ஒருவர்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏ பூங்கோத, இங்கன வாயேன்."

கதவுக்கு அந்தப்புறம். பதிவில் இருக்கும் அதே இழுப்பு. 'வாயேன்' என்பதன் கடைசியில் தண்ணீர் புகுந்து அறுபடுகிற அதே இடம். அது முடியும் முன்பே இன்னொன்று தொடங்கியது, கொஞ்சம் தள்ளி. பிறகு கீழ்ப்படியிலிருந்து ஒன்று. தெருவிலிருந்து ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று. நான்கு நொடி. மறுபடி நான்கு நொடி. நிற்கவே இல்லை.

எத்தனை முறை அவள் இதைத் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இரைச்சலை நீக்கி, ஒலியைக் கூட்டி, முன்னும் பின்னும் வெட்டி. ஒரு தடவைகூட எழுந்து போனதில்லை. போவதற்கு இடமும் இல்லை.

இப்போது இருந்தது.

திறக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்தாள்.

"வாரேன்டி," என்றாள்.

தாழ்ப்பாள். ஈரம். இழுத்தாள்.

குரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

வாசலில் கோகிலா நின்றாள். மைக்கோட்டால் ஆனவள், நிறமே இல்லை, விளிம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த படியில் கோகிலா. அதற்கடுத்த படியிலும். இரும்புப்படி முழுக்க, கீழே வாசல் முழுக்க, தெருமுனை திரும்புகிற வரைக்கும் கோகிலாக்கள். ஒருத்தி எதிர்ச்சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தாள். ஒருத்தி நின்ற இடத்தில் குதித்தாள். ஒருத்தி படியின் விளிம்பிலிருந்து விழுந்து, மறைந்து, மறுபடி மேலே வந்து நின்றாள். யாரோ எங்கோ விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனதைப்போல, சிலர் அசையாமல் நின்றார்கள்.

பிறகு ஒவ்வொரு தலையாக, ஒரே பக்கம் சாய்ந்தபடி, திறந்த கதவை நோக்கித் திரும்பியது.