விளக்குகளை அணைத்தது யார்?

ஐந்து கலங்கரை விளக்கங்களை ஏற்றி வைத்திருந்தாள் வைஷாலி. பள்ளியிலிருந்து வந்து விளையாட்டைத் திறந்து பார்த்தபோது மூன்று மட்டுமே எரிந்துகொண்டிருந்தன.

அவள் கண்களைத் தேய்த்துக்கொண்டு மீண்டும் பார்த்தாள். அப்போதும் மூன்றுதான். தெற்குத் தீவும் பாறைத் தீவும் கரிக்கட்டைபோல் இருண்டு கிடந்தன.

அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீடியோ கேம் கருவி. அதற்குள் பழைய காலத்து விளையாட்டுகள் பல இருந்தன. வைஷாலிக்கு மிகவும் பிடித்தது, நீலத்தொப்பி அணிந்த குட்டி மாலுமியின் விளையாட்டு. அவன் தீவு தீவாகப் படகில் சென்று, அணைந்துபோன கலங்கரை விளக்கங்களை ஏற்றவேண்டும். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு மணி தொங்கும். அந்த மணியை அடித்தால், அதுவரை ஆடிய ஆட்டம் பத்திரமாகச் சேமிக்கப்படும்.

"நேத்து மணி அடிச்சேனா, இல்லையா?" என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

அடித்த ஞாபகம் நன்றாகவே இருந்தது. எனினும், மறந்திருக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அந்த இரண்டு விளக்குகளையும் மறுபடி ஏற்றினாள். மணியை ஒருமுறைக்கு இருமுறையாக அடித்தாள்.

மறுநாள் மாலை பார்த்தால், அதே இரண்டு விளக்குகள் மீண்டும் அணைந்திருந்தன!

இப்போது அவளுக்குக் குழப்பத்தோடு கோபமும் வந்தது. ஏனெனில், அந்தக் கருவியைத் தொடும் கைகள் இரண்டு பேருடையவை மட்டுமே. ஒருத்தி அவள். மற்றவன் மாடி வீட்டில் வசிக்கும் கவின்ராஜ்.

மைசூரு மண்டி மொஹல்லாவின் குறுகலான ஒரு சந்தில், கீழ்வீட்டில் வைஷாலியின் குடும்பமும், மேல்வீட்டில் அவளுடைய சித்தி நிர்மலாவின் குடும்பமும் வசித்தன. கவின்ராஜ் சித்தியின் மகன். கொள்ளேகாலிலிருந்து பட்டுச்சேலைக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் மைசூருக்கு வருபவர் சந்துரு மாமா. அவர்தான் பக்கத்துத் தெருவில் உள்ள பழைய பொருட்கள் கடையில் அந்தக் கருவியை வாங்கி, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு" என்று கொடுத்திருந்தார்.

பள்ளி விட்டதும் வைஷாலியின் முறை. ட்யூஷன் முடிந்ததும் கவின்ராஜின் முறை. விளையாட்டைத் திறந்தால் இருவர் பெயரும் தனித்தனியே இருக்கும். அவரவர் பெயரைத் தேர்ந்தெடுத்து அவரவர் ஆட்டத்தை ஆடலாம். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு வேறு இருக்க முடியுமா?

வைஷாலி விறுவிறுவென மாடிப்படி ஏறினாள்.

"டேய் கவின், என் பேருக்குள்ள எதுக்குடா போன?"

கவின்ராஜ் பஜ்ஜியை வாயில் வைத்தபடி திகைத்து நின்றான். "யாரு? நானா? எதுக்குள்ள?"

"நடிக்காத! என்னோட ரெண்டு விளக்க அணைச்சுட்ட."

"நான் உன் பேரைத் தொடவே இல்ல குரு. என்னோடதுதான் ஆடுனேன்." மைசூர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சில் எல்லோருமே 'குரு'தான்.

"அப்ப விளக்கு தானா அணைஞ்சுதா? கரெண்ட் போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நீ சரியா மணி அடிச்சிருக்க மாட்ட."

"பொய்க்காரா!"

"நீதான் பொய்க்காரி!"

சத்தம் கேட்டு நிர்மலா சித்தி கரண்டியுடன் வந்தாள். கீழிருந்து வைஷாலியின் அம்மா பஞ்சவர்ணமும் வந்தாள். இருவரும் ஒரே குரலில் "சும்னிருங்க!" என்று அதட்டினார்கள். மைசூரில் பிள்ளைகளை வாய்மூடச் செய்வதற்கு அந்த ஒரு கன்னடச் சொல்லே போதும்.

செய்தி அன்றே கைப்பேசி வழியாகக் கொள்ளேகாலுக்குச் சென்றது. மாமா பேசியதை, ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டார்கள்.

"ஏனுங்கக்கா, ரெண்டும் இப்புடிச் சண்டை கட்டுதுங்கன்னா அந்த கேமே வேண்டாமுங்க. கடைக்காரர்கிட்டச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துட்டு ரெண்டு ஸ்கூல் பை வாங்கிக்கலாம்."

"மாமா!" என்று இரு பிள்ளைகளும் அலறினார்கள். அதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்றிரவு வைஷாலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கருவி போய்விடும் என்பது ஒரு கவலை. கவின்ராஜ் தன்னை ஏமாற்றினான் என்பது அதைவிடப் பெரிய கவலை. அவன் குறும்பன்தான். ஆனால் சிறு வயதிலிருந்து இதுவரை அவன் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. பிடிபட்டால் உடனே சிரித்துவிடுவான். இன்று அவன் சிரிக்கவில்லையே!

மறுநாள் வெள்ளிக்கிழமை. வைஷாலி ஒரு முடிவுக்கு வந்தாள். கவின்ராஜ் ட்யூஷனிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தாள்.

"இங்க பாருடா. மறுபடி அஞ்சு விளக்கு ஏத்திட்டேன். மணியும் அடிச்சுட்டேன். நல்லா பாத்துக்கோ."

கவின்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தான். "சரி, அஞ்சு. அதுக்கு?"

"இப்ப நீ ஆடு. நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன்."

"போலீஸ் மாதிரியா?"

"சாட்சி மாதிரி. நீ தொடலன்னா நானே எல்லார்கிட்டயும் சொல்றேன், நீ தொடலன்னு."

அது நியாயமாகப் பட்டது. கவின்ராஜ் கருவியை வாங்கிக்கொண்டான். வைஷாலி இமை கொட்டாமல் அவன் விரல்களைக் கவனித்தாள்.

திரையில் ஒரு பெரிய ஆக்டோபஸ் தோன்றியது. நீலத்தொப்பி குதித்தான், குனிந்தான், ஈட்டியை எறிந்தான். ஆக்டோபஸ் கறுப்பு மையை உமிழ்ந்தது. நீலத்தொப்பி தொப்பென்று விழுந்தான். கவின்ராஜ் மறுபடி ஆடினான். மறுபடி தொப். இன்னும் ஒருமுறை. இன்னும் ஒரு தொப்.

"பாத்தல்ல? உன் பேர்கிட்டயே போகல."

உண்மைதான். அவன் போகவே இல்லை. வைஷாலிக்கு நிம்மதியாக இருந்தது. "சாரிடா" என்று சொல்லிக்கொண்டே தன் பெயரைத் திறந்தாள்.

மூன்று விளக்குகள்!

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் எதுவும் பண்ணலயே!" என்றான் கவின்ராஜ்.

"எனக்குத் தெரியும். நான்தான் பாத்துட்டே இருந்தேனே!"

"அப்ப யாரு?"

"அதான் புரியல."

"கேமுக்குள்ள பேய் கீய் இருக்குமா?"

"பேய்க்கு என்னோட விளக்குமேல மட்டும் என்னடா கோவம்?"

இருவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள். குழப்பம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: நேற்று ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியே குழம்பினார்கள். இன்று சேர்ந்து குழம்பினார்கள்.

வைஷாலி தான் கண்டதையெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"டேய், ஆரம்பத்துல நீ உன் பேரைக்கூடத் தேர்ந்தெடுக்கலயே! எப்படி நேரா ஆக்டோபஸ்கிட்டப் போன?"

"ஓ, அதுவா? போட்டோ!" கவின்ராஜ் பெருமையுடன் நிமிர்ந்தான். "இந்த ஓரத்து பட்டனையும் நடு பட்டனையும் சேத்து அமுக்குனா, அந்த நிமிஷத்த அப்படியே போட்டோ மாதிரி எடுத்து வெச்சுக்கும். இன்னொரு பக்கத்து பட்டனை அமுக்குனா அதே இடத்துக்குத் திரும்பிடலாம். தோத்தா முதல்லேந்து வரவேண்டாம்."

"அந்தப் போட்டோவ எப்ப எடுத்த?"

"திங்கக்கிழமைன்னு நினைக்கிறேன்."

"திங்கக்கிழமை எனக்கு எத்தனை விளக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

வைஷாலிக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை அவளிடம் மூன்று விளக்குகள்தாம் இருந்தன.

அவள் மெதுவாகப் பேசினாள். "சௌக்காபாரா ஆடறோம்ல, நாலு பேரு, தரையில கட்டம் போட்டு? நீ தோக்கற மாதிரி இருந்துச்சுன்னு வை. 'அரைமணி நேரத்துக்கு முன்னாடி இருந்த மாதிரியே எல்லாத்தையும் வைங்க'ன்னு நீ சொன்னா, உன்னோட காய் மட்டுமா பின்னாடி போகும்?"

கவின்ராஜின் வாய் பிளந்தது. "எல்லார் காயும் போகும்."

"உன்னோட போட்டோ உன் ஆட்டத்த மட்டும் எடுக்கலடா. கட்டத்தையே எடுத்து வெச்சிருக்கு. என் பேரையும் சேத்து!"

சரியா தவறா என்று பார்க்கவேண்டுமே. வைஷாலி எளிதான தெற்குத் தீவுக்குச் சென்று ஒரு விளக்கை ஏற்றி, மணியை அடித்தாள். நான்கு. கவின்ராஜ் பொத்தான்களை அமுக்கினான். ஆக்டோபஸ் வந்தது. ஆட்டத்தை மூடிவிட்டு, வைஷாலியின் பெயரைத் திறந்தார்கள்.

மூன்று.

"அணைஞ்சுடுச்சு!" என்று இருவரும் துள்ளிக் குதித்தார்கள். விளக்கு அணைந்ததற்காக மகிழ்ச்சியில் குதித்த பிள்ளைகள் மைசூரில் அவர்கள் இருவராகத்தான் இருக்க முடியும்.

"இனிமே பிரச்சனையே இல்ல," என்றாள் வைஷாலி. "உன் முறை ஆரம்பிக்கும்போது புதுசா ஒரு போட்டோ எடு. அதுல என்னோட புது விளக்கும் இருக்கும். பழைய போட்டோ போயிடும்."

கவின்ராஜின் முகம் சட்டென்று வாடியது.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல. எடுத்துக்கலாம்."

"சொல்லுடா."

"புயல் கடலைத் தாண்டி, ஒரு உயிர்கூடப் போகாம ஆக்டோபஸ் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் வந்தேன். அந்தப் போட்டோ அதுதான். நான் கடைசியா மணி அடிச்சது புயலுக்கு முன்னாடி. போட்டோ போச்சுன்னா மறுபடி அவ்வளவும் தாண்டணும். பரவால்ல விடு. உன் விளக்குதான் நாலு நாளா அணைஞ்சுட்டே இருக்கு."

வைஷாலி கருவியைப் பார்த்தாள். நாளை சனிக்கிழமை. நாளை மறுநாள் மாமா வந்து இதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தன் ஐந்து விளக்குகளையும் ஏற்றிப் பார்க்க அவளுக்கும் ஒரு நாள்தான் மிச்சம்.

அவள் கருவியை அவன் கையில் வைத்தாள்.

"முதல்ல நீ ஆக்டோபஸ ஜெயி. அதுவரைக்கும் நான் ஆடல. எத்தனை தடவை வேணும்னாலும் அந்தப் போட்டோக்குப் போ."

"நாளைக்கு உன் முறை?"

"அதையும் நீயே ஆடு. நான் ஏத்துனா மட்டும் நிக்கவா போகுது?"

சனிக்கிழமை முழுவதும் மாடி வீட்டில் 'தொப், தொப்' என்ற ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. வைஷாலி பக்கத்தில் அமர்ந்து பார்த்தாள். சும்மா பார்ப்பவருக்கு, ஆடுபவருக்குத் தெரியாதது தெரியும் அல்லவா? மதியத்துக்குள் அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள்.

"டேய், மை துப்பறதுக்கு முன்னாடி அது இடது கையைத் தூக்குது. அப்பவே குதிச்சுடு!"

"எந்தக் கை இடது? எட்டு இருக்கே!"

"நான் சொல்றப்ப குதி. இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப!"

நீலத்தொப்பி குதித்தான். மை அவன் காலுக்குக் கீழே பாய்ந்து சென்றது. ஈட்டி பறந்தது. ஆக்டோபஸ் குமிழி குமிழியாகக் கடலுக்குள் மூழ்கியது.

கவின்ராஜ் கத்தவில்லை. நேராகத் துறைமுகத்துக்குப் படகைச் செலுத்தி, முதலில் மணியை அடித்தான். பிறகு பழைய போட்டோவின்மேல் புதிய போட்டோ எடுத்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான். கீழ்வீட்டிலிருந்து பஞ்சவர்ணம், "மறுபடியும் சண்டையா?" என்று கேட்கும் அளவுக்குக் கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தபோதும் மாடியில் பலத்த சத்தம் கேட்டது.

"நீதான் முதல்ல ஆடணும்!"

"இல்ல, நீதான்! உனக்குத்தான் ரெண்டு விளக்கு பாக்கி!"

மாமா வாசலிலேயே தயங்கி நின்றார். "என்னங்கண்ணு இது? சண்டையா, இல்லையா? ஒண்ணுமே வெளங்கலயே!"

இருவரும் ஒரே நேரத்தில் நடந்ததை விளக்கினார்கள். போட்டோ, மணி, சௌக்காபாரா, இடது கை எல்லாம் கலந்து வந்தன. மாமா தலையைச் சொறிந்தார்.

"சரி, கடைசியா தப்பு யாரோடது?"

"யாரோடதும் இல்ல மாமா."

"தப்பே இல்லாம எப்புடிச் சண்டை கட்டினீங்க?"

இருவரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள்.

"எங்க, குடு பாப்போம்," என்று மாமா கருவியை வாங்கினார். தம் பெயரில் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கினார். முதல் கரையிலேயே ஒரு நண்டு அவரைக் கடித்தது. "அட!" என்றார். மீண்டும் நண்டு. "அட, இது என்னடா!" மீண்டும் நண்டு.

"மாமா, போட்டோன்னு ஒண்ணு இருக்கு," என்று கவின்ராஜ் தொடங்கினான்.

மாமாவின் விரல்கள் உடனே பொத்தானை நோக்கி நகர்ந்தன.

"ஐயோ மாமா, அத அமுக்காதீங்க! முதல்ல புதுசா எடுக்கணும்!" என்று இருவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நிர்மலா சித்தி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. சூடாக்கிக் கொடுத்தாள். அதுவும் ஆறிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துடன் மூடும் அந்தப் பழைய பொருட்கள் கடையும் மூடப்பட்டது. அதற்குச் சற்றுப் பிறகு, மாமா நண்டைத் தாண்டி, முதல் தீவின் விளக்கை ஏற்றினார்.

"பாத்தீங்களா!" என்று குழந்தையைப்போல் கூவினார். மணியை மறக்காமல் அடித்தார்.

வைஷாலி தன் இரண்டு விளக்குகளையும் ஏற்றினாள். அன்று மாலை கவின்ராஜ் முதலில் புதிய போட்டோ எடுத்துக்கொண்டு, தன் ஆட்டத்தை ஆடி முடித்தான். பிறகு மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வைஷாலியின் பெயரைத் திறந்து பார்த்தார்கள். ஐந்து விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

வேனில் ஏறி அமர்ந்த மாமா, வண்டியைக் கிளப்பாமல் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏங்கண்ணு, வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னோட அந்த ஒரு விளக்கையும் அணையாம பாத்துக்குங்க, சரியா?"